மின்சாரக் குட்டி யானையின் கூரையில் சோலார் பேனல்: மலையில் கட்டுபடியாகுமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புதிதாக மின்சாரக் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் சின்னச் சரக்கு வண்டி, எடுத்திருக்கிறார். விடியற்காலையில் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறார், மதியத்துக்குள் காலி வண்டியாக மேலே வந்துவிடுகிறார். பின்னால் இருக்கும் பெட்டியின் கூரை சும்மாதானே கிடக்கிறது, அதில் சோலார் பேனல் போட்டால் சார்ஜ் செலவு மிச்சமாகாதா என்பது அவர் கேள்வி. கோவையில் ஒருவர் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குப் போட்டுத் தருவதாகச் சொன்னாராம்.

வேண்டாம் தம்பி. பேனல் நல்ல பொருள், நீலகிரியில் வீடு வீடாகக் கூரை ஏறி அதை மாட்டுவதுதான் என் தொழில், அதனால் சோலாருக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் உங்கள் வண்டியின் தலையில் அது இருக்க வேண்டிய இடமில்லை. அதைவிட, அந்தப் பேனல் தரப்போவதைப் போல இரண்டு மடங்கு மின்சாரம் தினமும் உங்கள் வண்டியிலேயே வந்துகொண்டிருக்க வேண்டும், நீங்கள் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதம் ஆக்கிவிட்டுக் கிளம்புபவராக இருந்தால் அது வராமல் போய்க்கொண்டிருக்கும். முதலில் பேனல் கணக்கைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

வெயில் எவ்வளவு உச்சத்தில் அடித்தாலும் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1000 வாட். நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், சிலது 22 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலும் போகும். உங்கள் பெட்டியின் கூரை ஏழடிக்கு ஐந்தடிச் சொச்சம். இப்போது கடையில் கிடைக்கும் 550 வாட் பேனல் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், ஆக ஒன்றுதான் உட்காரும், அதுவும் கொஞ்சம் துருத்திக்கொண்டு. சமவெளியில் மொட்டைமாடியில் நிழல் இல்லாமல் வைத்த ஒரு கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் உங்கள் ஒற்றைப் பேனல் 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே தர வேண்டும். தராது.

ஏன் தராது என்றால், நம் ஊர் ரோட்டை நினைத்துப் பாருங்கள். கோத்தகிரியிலிருந்து அரவேணு தாண்டிக் குஞ்சப்பனை வரைக்கும் எத்தனை இடத்தில் முழு வெயில் ரோட்டில் விழுகிறது? ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் மரம், தேயிலைத் தோட்டம் வந்தால் வரிசையாகச் சில்வர் ஓக். பேனலுக்கு நிழல் ஆகவே ஆகாது. அதற்குள் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று தொடராகக் கோத்தவை, பொதுவாக மூன்று கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டயோடு, அதாவது நிழல் விழுந்த கூட்டத்தை விட்டுவிட்டு மின்சாரம் சுற்றிப் போக வழிவிடும் சின்னப் பாகம், வைத்திருப்பார்கள். ஒரு கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே அந்தக் கூட்டம் முழுவதும் ஒதுங்கிக்கொள்ளும். மீட்டர் வைத்துப் பார்த்தால், 41 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேனல் சட்டென்று 27க்கு இறங்கும். ஒரு கை அகல நிழலுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வீட்டுக் கூரையில் இப்படி ஆனால் கிளையை வெட்டிவிடலாம், ஓடுகிற வண்டியில் நிமிடத்துக்குப் பத்து நிழல் மாறும், பேனல் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் சரியான வோல்ட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த நிழல் வந்துவிடும்.

அப்புறம் பருவம். நமக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அது கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம்தான் கொட்டும் என்றாலும் மேகம் இங்கேயும் மூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு, அது குன்னூருக்கும் கோத்தகிரிக்குமே வருவது. மழை இல்லாத மாதங்களிலும் காலையில் பளிச்சென்று இருக்கும், மதியம் தாண்டினால் கீழிருந்து மேகம் ஏறி வந்து ரோட்டை மறைத்துவிடும். உங்கள் வண்டி கிளம்பும்போது சூரியனே வரவில்லை, வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் மண்டிக்குள் கொட்டகைக்குக் கீழே சரக்கு இறக்கிக்கொண்டு நிற்கிறது, திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தும்போது மேகம் வந்துவிடுகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மட்டும் நிலைமை நன்றாக இருக்கும். குளிர் பேனலுக்கு நல்லது, சூடு ஏற ஏற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதத்துக்கு மேல் உற்பத்தி குறையும் என்பதால், கோவை மொட்டைமாடியில் அறுபது டிகிரியில் கொதிக்கும் பேனலைவிட, பனிக்காலத்துக் காலை வெயிலில் நம் ஊர்ப் பேனல் அதே வெளிச்சத்துக்குக் கூடுதலாகவே தரும். ஆனால் அது வருடத்தில் மூன்று மாதம்.

இன்னொரு சிக்கலை விற்பவர்கள் சொல்லவே மாட்டார்கள். பேனலிலிருந்து வரும் கம்பியை நேராக வண்டியின் பெரிய பேட்டரியில் சொருக முடியாது. வோல்ட் பொருந்தாது, பொருத்த முயன்றாலும் பேட்டரியைக் காவல் காக்கும் எலக்ட்ரானிக்ஸ் விடாது. சரி, இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி வண்டியின் சார்ஜர் வழியாகவே கொடுக்கலாமே என்றால், டைப் 2 என்ற சார்ஜிங் பிளக் முறையில் சார்ஜ் ஏற்றும் வண்டிகளுக்குக் குறைந்தபட்சம் 6 ஆம்பியர் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 1400 வாட். உங்கள் பேனல் உச்சி வெயிலிலேயே 500 வாட் தாண்டாது. ஆகவே நடுவில் இன்னொரு பேட்டரி வைத்து, நாள் முழுக்க அதில் சேர்த்து, சாயங்காலம் அதிலிருந்து இன்வெர்ட்டர் வழியாகப் பெரிய பேட்டரிக்கு மாற்ற வேண்டும். பேனலிலிருந்து சின்ன பேட்டரி, அங்கிருந்து இன்வெர்ட்டர், அங்கிருந்து சார்ஜர், அப்புறம் பெரிய பேட்டரி என்று கை மாறுகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் போகும், கடைசியில் நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க வண்டியின் கன்ட்ரோல் பெட்டிகள் விழித்திருக்க வேண்டும், அதற்கும் கொஞ்சம் மின்சாரம்.

எல்லாம் கழித்துப் பார்த்தால் வருடச் சராசரியாக நாளுக்கு 1 யூனிட் கைக்கு வந்தால் பெரிது என்பது என் மதிப்பு. பிப்ரவரியில் ஒன்றரை வரும், நவம்பரில் கால் யூனிட் வராத நாளும் இருக்கும். வருடத்துக்கு 300 நாள் வண்டி ஓடினால் 300 யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 3,000 ரூபாய். போட்ட 60,000 திரும்பி வர இருபது வருடம். அதற்குள் வண்டியே மாறியிருக்கும்.

இந்த 1 யூனிட்டை வைத்து வண்டி எவ்வளவு போகும் என்று பார்க்கலாம். டாடா ஏஸ் இ.வி. 2022இல் வந்தபோது பேட்டரி 21.3 யூனிட், ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது, அது சோதனைக் கணக்கு. அதன்படி யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர், நிஜ ரோட்டில் ஐந்து. அதுவும் சமதரையில். மலைக்கு வேறு கணக்கு, இதை மனதில் வைத்துக்கொண்டால் எல்லா மலை வண்டிக்கும் உதவும்: ஒரு டன் எடையை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க 2.7 யூனிட் வேண்டும். எந்த மோட்டாராக இருந்தாலும் இதற்குக் குறைவாக முடியாது, உராய்வும் சூடும் இதற்கு மேல்தான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. நடுவில் சுமார் 1,450 மீட்டர் ஏற்றம், தூரம் 33 கிலோமீட்டர். உங்கள் காலி வண்டி ஓட்டுநரோடு 1.3 டன் என்று வைத்தால், தூக்க மட்டும் 5 யூனிட்டுக்கு மேல், டயர் உராய்வு, காற்று, மோட்டார் இழப்பு எல்லாம் சேர்த்து எட்டு, எட்டரை. பேனல் நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் செலவழித்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியில் எட்டில் ஒரு பங்குகூட முழுதாக முடியாது.

பேனல், ஃபிரேம், நடு பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து எழுபது கிலோவாவது வரும். அதைத் தினமும் மேலே தூக்கிக்கொண்டு வரவே மூன்றில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இறங்கும்போது அதில் பாதியைத் திரும்பப் பிடித்தாலும், தான் சம்பாதிப்பதில் ஐந்தில் ஒரு பங்கைத் தன்னைச் சுமப்பதற்கே அது செலவழிக்கிறது. எழுபது கிலோ சரக்கு குறைவாக ஏற்ற வேண்டும் என்பது இதற்குமேல். ஒரு கேரட் மூட்டையின் வாடகை அளவுகூட அந்த 1 யூனிட் மின்சாரம் பெறாது, யோசித்துப் பாருங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயம். நீங்கள் சரக்கோடு இறங்குகிறீர்கள், காலியாக ஏறுகிறீர்கள். மின்சார வண்டிக்கு இதைவிட நல்ல வழித்தடம் கிடையாது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குப் போகும். ரீஜென் என்பார்கள். 600 கிலோ சரக்கோடு 1.9 டன் வண்டி 1,450 மீட்டர் இறங்கும்போது அதில் அடங்கியிருக்கும் சக்தி 7.5 யூனிட். உராய்வுக்கும் காற்றுக்கும் போனது போக, பிரேக்கை மிதித்து வீணாக்காமல் நிதானமாக இறங்கினால் இரண்டரையிலிருந்து 3 யூனிட் வரை பேட்டரிக்குத் திரும்பும். மழை பெய்தாலும் வரும், மேகம் மூடினாலும் வரும், இருட்டிலும் வரும்.

சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் இதை உச்சத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். 45 டன் எடையுள்ள ஒரு டம்பர் லாரியை மின்சாரத்துக்கு மாற்றி 600 யூனிட் பேட்டரி வைத்தார்கள். காலியாக மேலே ஏறும், 65 டன் கல்லோடு கீழே இறங்கும். ஏறச் செலவாவதைவிட இறங்கும்போது கிடைப்பது அதிகம், அதனால் வெளியிலிருந்து சார்ஜ் போடும் வேலையே பெரும்பாலும் இல்லை. நம் குட்டி யானைக்கு அந்த அளவு வராது, காலி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் எடை வித்தியாசம் ஒன்றரை மடங்குதான், அங்கே இரண்டரை மடங்கு. ஆனால் இயங்கும் விதம் அதேதான்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, நம் ஊரில் மின்சார வண்டி எடுத்த பலரும் தவறவிடுவது இதைத்தான். பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் வேலை செய்யாது, வந்து சேரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. இரவு பிளக்கைச் சொருகிவிட்டுத் தூங்கி, காலையில் 100 சதவீதத்தோடு இறக்கத்தில் விட்டால் முதல் பல கிலோமீட்டருக்கு வண்டி பிடித்து இழுக்கவே இழுக்காது, வெறும் பிரேக்கில்தான் இறங்க வேண்டும். மின்சாரம் போவது ஒரு பக்கம், எனக்கு அதைவிடப் பெரிய கவலை பிரேக். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கவும் என்று போர்டு வைத்திருப்பது எதற்கு? இன்ஜின் வண்டியைப் பிடிக்க வேண்டும், பிரேக் சூடேறி வழுக்கிவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் வண்டியில் இறக்கிப் போட கியர் கிடையாது, அந்த இரண்டாவது கியர் வேலையைச் செய்வதே ரீஜென்தான். நிறைந்த பேட்டரியோடும் நிறைந்த சரக்கோடும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது நியூட்ரலில் இறங்குவதற்குச் சமம். தயவுசெய்து அப்படி இறங்காதீர்கள்.

மேலே வீட்டில் 80, அதிகம் போனால் 85 சதவீதம் வரை மட்டும் சார்ஜ் போடுங்கள். 15 சதவீத இடம் என்றால் 21 யூனிட் பேட்டரியில் 3 யூனிட், இறக்கத்தில் வருவது சரியாக அதற்குள் அடங்கும். வண்டியில் சார்ஜை நடுவில் நிறுத்தும் வசதி இல்லை என்றால், 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று ஓரிரு நாள் கவனித்துவிட்டு, கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பண்ணி இரவு தாமதமாகச் சொருகுங்கள். இப்போது பெரும்பாலும் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரிதான் வருகிறது, அதற்கு அவ்வப்போது 100 வரை ஏற்றுவது அவசியம், இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் தப்பாகிவிடும். அதைக் கீழே மேட்டுப்பாளையத்தில் வைத்து ஏற்றிக்கொண்டு மேலே வாருங்கள். மண்டி லீவு நாளில் வீட்டில் ஏற்றினால், மறுநாள் இறங்குவதற்குமுன் உள்ளூரில் கொஞ்சம் ஓட்டிக் குறைத்துவிடுங்கள்.

பேனலை வண்டியில் போட்டு உபயோகமான இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கேரளத்தில் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017இலிருந்து ஆதித்யா என்ற படகு ஓடுகிறது, 75 பேர் ஏறலாம், கூரையில் 20 கிலோவாட் பேனல், அதன் தேவையில் பெரும்பங்கு வெயிலிலிருந்தே வருகிறது. பெரிய கூரை, மெதுவான ஓட்டம், ஏற்றமே இல்லாத தண்ணீர், நிழலில்லாத காயல். இந்த நான்கில் ஒன்றுகூட உங்கள் வழித்தடத்தில் கிடையாது. ஸ்வீடனில் ஸ்கானியா கம்பெனி 18 மீட்டர் நீள டிரெய்லரைச் சுற்றி 100 சதுர மீட்டர் பேனல் ஒட்டி ஓட்டிப் பார்த்தது, வருடத்துக்கு 8,000 யூனிட் எதிர்பார்த்தார்கள். கவனியுங்கள், 100 சதுர மீட்டர், உங்களிடம் இருப்பது மூன்று. கார்களில் முயன்ற நெதர்லாந்து லைட்இயர், ஜெர்மனியின் சோனோ இரண்டுமே 2023இல் தங்கள் சோலார் காரைக் கைவிட வேண்டி வந்தது.

நம் ஊரில் எனக்குச் சரியாகப் படுவது ஒரே இடத்தில் நிற்கிற வண்டி. காட்சிமுனைப் பக்கம் திறந்த வெளியில் காலை முதல் மாலை வரை நிறுத்தி டீயும் வர்க்கியும் விற்கிறவர், எடைத் தராசு, எல்.இ.டி. விளக்கு, பில் மெஷின், ஃபோன் சார்ஜ் இதற்கெல்லாம் 100 வாட் பேனலும் ஒரு 12 வோல்ட் பேட்டரியும் வைத்தால் ஆயிரங்களில் முடியும், தாராளமாகப் போதும். வண்டியை ஓட்டும் பேட்டரியை இது தொடுவதே இல்லை என்பதால் வாரண்டிக்கும் தொல்லையில்லை.

உங்கள் 60,000ஐ எங்கே போடலாம் என்பதற்கு வருகிறேன். வீட்டுக் கூரை. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2024 பிப்ரவரியிலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு மானியம் தருகிறார்கள், ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. மூன்று கிலோவாட்டுக்கு 300 சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும், செலவு சுமார் இரண்டு லட்சம் ஆகும், மானியம் போக ஒன்றேகால் லட்சத்துக்குள் நிற்கும். நம் மேகத்தையெல்லாம் கழித்தாலும் நாளுக்கு 9, 10 யூனிட் எதிர்பார்க்கலாம். வண்டிக் கூரைக்குக் கேட்ட பணத்தைப் போல இரண்டு மடங்கு, மின்சாரம் பத்து மடங்கு. நெட் மீட்டர் இருப்பதால் பகலில் வருவது கிரிட்டுக்குப் போய்க் கணக்கில் சேரும், நீங்கள் இரவில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், நடு பேட்டரி வேண்டாம். வாடகை வண்டியை வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்வதற்கு எந்தக் கட்டண வகை பொருந்தும் என்பதை மட்டும் உங்கள் பிரிவு மின்வாரிய அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓடு வேய்ந்த பழைய வீடாக இருந்தால் பேனலை மாட்டுவதற்குமுன் மரச்சட்டங்களை ஆசாரியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம் ஊர் ஈரத்தில் உள்ளே உளுத்திருக்கும், வெளியே தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டியில்தான் போடுவேன் என்றால், கோவைக்காரரிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். வண்டிக் கம்பெனி இந்த இணைப்பை அனுமதித்து வாரண்டி தொடரும் என்று கடிதம் தருமா? மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, அப்படியிருக்க ஆர்.டி.ஓ. ஒப்புதலை யார் வாங்கித் தருவது? விபத்து நடந்தால் இந்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கையை விரிக்காது என்று பாலிசியில் சேர்த்துத் தருவார்களா? மூன்றுக்கும் காகிதம் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.